வரைபடத்தில் எங்கள் ஊர் ஒரு புள்ளி. கருவாடு காயப்போடும் மணலை அதில் ஏற்ற என்ன வழி?

கொண்டல்காற்று:

வணக்கம். கரையில் எது எங்கே இருக்கிறது, எங்கே கட்டடம் கூடாது என்று வரைபடமாகக் காட்டும் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வந்திருக்கிறது, சுதந்திர தினம் முடிந்த அதே வாரத்தில் எங்கள் மாவட்டத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். நான் அப்பாவோடு ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவன். பி.காம் முடித்திருப்பதால் ஊர்ப் பஞ்சாயத்தின் மனு, கடிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும், இதுவும் அப்படித்தான் வந்தது.

வரைபடத்தை இறக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊர்ப் பெயர் இருக்கிறது, வீடுகள் இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. அவ்வளவுதான். படகு ஏற்றி வைக்கிற மணல் இல்லை, கருவாடு காயப்போடும் திடல் இல்லை, கரைவலை இழுக்கிற இடம் இல்லை, கோயிலுக்குப் பின்னால் பூவரசு நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார்களே, அந்த இடமும் இல்லை. எல்லாம் சும்மா கிடக்கும் மணல் என்று ஒரே நிறத்தில் விட்டிருக்கிறார்கள். ஊருக்கு வடக்கே ஏற்கெனவே பிளாட் போட்டுக் கல் நட்டாயிற்று. அந்தக் கல்லிலிருந்து எங்கள் திடல் நூறு அடி கூட இருக்காது.

போன வாரம் கூட்டம் போட்டோம். ஒரு பெரியவர் கேட்டார், "கடலும் கரையும் நம்மதுன்னு சொல்றோமே, எந்தக் காயிதத்துலடா இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் இங்கே கேட்கிறேன். இதையெல்லாம் வரைபடத்தில் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? இன்னொன்று, மாநில அரசுக்கென்று மீன்பிடிச் சட்டம் இருக்கிறதே, அதில் எங்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று ஏதாவது இருக்கிறதா?

சர்வேயர்மகன்:

தம்பி, முதல் கேள்விக்குப் பதில், ஆமாம், இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்பது மத்திய அரசுடையது, 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. முதலில் 1991, அப்புறம் 2011, இப்போது நடப்பில் 2019. ஆனால் வரைபடத்தைத் தயாரித்து மக்களிடம் கருத்துக் கேட்டு அனுப்ப வேண்டியது மாநில அரசு. திட்டத்தில் மீனவ கிராமங்கள், மீனவர்களின் பொதுச் சொத்துகள், படகுத் துறை, ஐஸ் பிளாண்ட், மீன் உலர்த்தும் இடம் எல்லாவற்றையும் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையின் பின்னிணைப்பிலேயே எழுதியிருக்கிறது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் தனித் திட்டமும் சேர்க்கச் சொல்கிறது. இதை யாரும் தயவு பண்ணிச் சேர்க்க வேண்டியதில்லை. இல்லையென்றால் வரைவு முழுமையாகவில்லை என்று நீங்கள் தைரியமாக எழுதலாம்.

ஏன் விட்டுப்போகிறது என்றும் சொல்கிறேன். பெரிய வரைபடம் 1:25,000 அளவில் போடுவது. அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். உங்கள் திடல் அறுபதுக்கு இருபது மீட்டர் என்று வைத்துக்கொண்டால் தாளில் இரண்டரை மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் கூட வராத அகலம். ஒரு நெல்மணி அளவுகூடத் தேறாது. செயற்கைக்கோள் படத்தில் கருவாடு காயும் மணலும் சும்மா இருக்கும் மணலும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் கிராமத்து சர்வே எண் தெரியும் அளவில் உள்ளூர் வரைபடமும் வேண்டும் என்கிறது விதி. கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பலர் கவனிக்காத ஒன்று. 2019 அறிவிக்கையில் கிராமப்புறக் கரையை இரண்டாகப் பிரித்தார்கள். 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் அது மூன்று ஏ, குறைவாக இருந்தால் மூன்று பி. மூன்று பி-யில் கட்டடம் கூடாத பகுதி, பழையபடி உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறி வரும் எல்லை) 200 மீட்டர். மூன்று ஏ-யில் வெறும் 50 மீட்டர்தான். ஆனால் அந்த 50 சும்மா வந்துவிடாது. உரிய கலந்தாலோசனையோடு தயாரித்த திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தால்தான் 50, இல்லையென்றால் 200 அப்படியே தொடரும். அதாவது உங்கள் ஊரில் நடக்கப்போகும் கருத்துக்கேட்பே அந்த 150 மீட்டரைத் திறக்கிற சாவி. பிளாட் போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாக, மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு மாவட்டக் குழு இருக்க வேண்டும், அதில் பாரம்பரியக் கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள், மீனவர்கள் உட்பட, குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார் என்று உங்கள் ஊரில் யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றைக்கே ஒரு மனு போடுங்கள்.

பாக்கடல்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், இதிலேயே கிடந்து உழன்றவன். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையை ஒட்டிய கடல் குறிப்பிட்ட தூரம் வரை நாட்டுப்படகுக்கு, விசைப்படகு அதைத் தாண்டித்தான் தொழில் செய்ய வேண்டும். கட்டுமரம், வள்ளம் வைத்திருக்கும் பாரம்பரிய மீனவர்களின் நலனைக் காப்பதை ஒரு நோக்கமாகவே சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதிகாரம் முழுக்க மீன்வளத் துறை அதிகாரியிடம். ஊர்ப் பஞ்சாயத்து என்ற ஒன்று கரையில் இருக்கிறது என்பதையே அந்தச் சட்டம் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்தில் நல்ல விதி எதுவும் மேலிருந்து வந்ததில்லை. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று ஒரு முறை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வலையை அறுத்து, படகை எரித்து, இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு, கடைசியில் உட்கார்ந்து பேசி வந்தது அது. அரசு ஆணையாகப் போட்டது அதற்கப்புறம்தான். அதே மாதிரி பழவேற்காடு ஏரியில் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாள் எந்தத் தலைக்கட்டு (குடும்பம்) வலை கட்டுவது என்று முறை வைத்து நடத்துகிறார்கள், எந்தச் சட்டப் புத்தகத்தையும் பார்த்து அல்ல.

அதனால் எங்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை, ஏற்கெனவே இருப்பதைச் சட்டத்தில் ஏற்றினால் போதும் என்பது என் கருத்து. நாட்டுப்படகு எல்லைக்குள் இழுவை மடி (விசைப்படகு இழுக்கும் வலை) வந்து எங்கள் நண்டு வலையைச் சுருட்டிக்கொண்டு போன ராத்திரியில் நான் யாரிடம் சொல்வது? ஊருக்குச் சொன்னால் ஊர் அந்த ராத்திரியே கேட்கும், ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள இடத்தில் மனு எழுதிக் கொடுத்தேன், படகு எண் கேட்டார்கள். இருட்டில் எண் எங்கே தெரியும்? எட்டு பார் வலை போனது போனதுதான்.

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்று அரசு அறிவித்தது. ஆவுளியா என்று நாங்கள் சொல்வோம். காட்டுயிர்ச் சட்டத்தில் இந்த வகைப் பாதுகாப்பகத்தை உள்ளூர் மக்களோடு கலந்து பேசிய பிறகுதான் அறிவிக்க முடியும், மேலாண்மைக் குழுவில் அந்தந்தக் கிராம ஊராட்சியின் பிரதிநிதியும் இருக்க வேண்டும். காட்டிலாகா சட்டத்தில் இருக்கிற அந்த நாற்காலி மீன்வளச் சட்டத்தில் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

மீன்கூடை:

அண்ணன்மார் இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 'ஊர்' என்று நீங்கள் சொல்லும்போது அதில் என் அம்மா இருக்கிறாரா? எங்கள் ஊரில் பஞ்சாயத்துக்கு வரி கட்டுவது ஆண் தலைக்கட்டு, கூட்டத்தில் உட்காருவதும் அவர்கள்தான். அம்மா முப்பது வருடமாகத் தலையில் கூடை சுமந்தவர், பஸ்ஸில் நாற்றம் என்று ஏற்ற மாட்டார்கள், ஏழு கிலோமீட்டர் நடந்தே போய் விற்றுவிட்டு வருவார். கருவாடு போடுகிற திடல் யாருடையது? பெண்களுடையது. படகுத் துறையைப் பற்றிக் கேட்டால் ஆண்கள் ஒவ்வொரு அடியும் சொல்வார்கள். திடலைப் பற்றிக் கேட்டால், "அது பொம்பளைங்க காயப்போடுற இடம்", அதோடு சரி. வரைபடம் போட வந்தவர்கள் யாரைக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

மணல் என்றால் எந்த மணலும் ஆகாது. நெத்திலி காய வேண்டுமென்றால் காற்று தடையில்லாமல் வரவேண்டும், காலையில் ஈரம் சீக்கிரம் இறங்க வேண்டும், வீட்டுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும், நாயையும் காக்கையையும் பார்த்துக்கொள்ளத்தான். மழை இருட்டினால் பத்து நிமிடத்தில் வாரி எடுத்தாக வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளி மாற்று இடம் தருகிறோம் என்றால் அது எங்களுக்கு இடமே இல்லை.

பெண்கள் விதி போட மாட்டார்கள் என்றும் யாரும் சொல்ல வேண்டாம். ராமநாதபுரத்தில் கடல்பாசி எடுக்கிற பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சட்டம் திருத்தும்போது கிராமக் குழு என்று ஒன்று வந்தால் அதில் பாதி இடம் பெண்களுக்கு என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. தம்பி, நீ அளக்கப் போகும்போது உன் அம்மாவையும் நாலு அக்காமாரையும் கூட்டிக்கொண்டு போ.

வேணாட்டுக்கரை:

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை நான். எல்லைக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் இருப்பதால் கேரளக் கதை கொஞ்சம் தெரியும். அவர்களின் சட்டம் 1980, நம்முடையதைவிட மூன்று வருடம் முந்தியது. அதில் 2017-18 வாக்கில் ஒரு திருத்தம் கொண்டுவந்து கிராமம், மாவட்டம், மாநிலம் என்று மூன்று அடுக்கில் மீன்வள மேலாண்மைக் குழுக்களைச் சட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். குஞ்சு மீன் பிடிப்பதைத் தடுக்க 58 வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவும் வைத்திருக்கிறார்கள். குழு இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், குழுவில் யார் உட்காருவது என்பதில் கட்சி புகுந்துவிடும், அது எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஒரு கிராமக் குழு தீர்மானம் போட்டால் அதற்குச் சட்டத்தில் ஒரு முகவரி இருக்கிறது. நமக்கு 1,076 கிலோமீட்டர் கரை, 608 மீனவ கிராமம், ஒரு கிராமத்துக்குக்கூட அந்த முகவரி இல்லை. மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயம், 12 கடல் மைல் வரை சட்டசபையே செய்யலாம், டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

இப்போதைக்கு ஒரு யோசனை. ஆகஸ்ட் 15 கிராம சபை கூடும். ஊர்ப் பஞ்சாயத்துக் கடிதத்தை ஒரு சங்கத்தின் மனு மாதிரி ஓரமாக வைத்துவிடுவார்கள், கிராம சபைத் தீர்மானத்தை அப்படி வைக்க முடியாது. உங்கள் ஊர் பேரூராட்சியாக இல்லாமல் கிராம ஊராட்சியாக இருந்தால் அதில் போடுங்கள்.

சர்வேயர்மகன்:

கிராம சபை யோசனை மிகச் சரி. தீர்மானத்தில் "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். சர்வே எண், நான்கு எல்லை, நீள அகலம், எத்தனை குடும்பம், எந்த மாதத்தில் எந்த வேலை என்று எழுதுங்கள். போனில் ஜிபிஎஸ் போட்டு மூலைக்கு மூலை நின்று புள்ளி எடுத்தால் போதும். சோழகக் (தென்காற்று) காலத்தில் கரை எவ்வளவு உள்வாங்கும், வாடையில் (வடகாற்றில்) படகை எவ்வளவு தூரம் மேலே ஏற்றுவீர்கள் என்பதையும் சேருங்கள், வரைபடம் ஒரே ஒரு நாளின் படம், உங்கள் கரையோ பன்னிரண்டு மாதமும் நகர்ந்துகொண்டிருப்பது.

கொண்டல்காற்று:

எல்லோருக்கும் நன்றி. கிராம ஊராட்சிதான் எங்களுடையது, நேற்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. அளந்த கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மீன்கூடை அக்கா சொன்னபடி அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி, இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். நான் திடல் ஒன்று என்று நினைத்திருந்தேன். மூன்று இருக்கிறது. நெத்திலிக்கு ஒன்று, திருக்கை, வாளையைத் தொங்கவிட்டுக் காயப்போடக் கொடி கட்டுகிற இடம் ஒன்று, மழைக்காலத்தில் மட்டும் மேட்டில் பயன்படுத்துவது இன்னொன்று. இருபத்தாறு வருடம் அந்த ஊரில் இருந்தும் எனக்கு இது தெரியாது. மேட்டுத் திடலின் வடக்கு மூலையில் நின்று புள்ளி எடுக்கும்போது காலில் ஏதோ இடித்தது, பார்த்தால் பிளாட்காரர்கள் நட்ட கல். எங்கள் இடத்துக்குள்ளேயே எட்டு அடி. ஆச்சி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "எழுது, இங்கேர்ந்து எழுது" என்றார்.

கரைவலை இடத்துக்கு நீளம் எவ்வளவு போடுவது என்று பெரியவர்களுக்குள் சண்டை, நீரோட்டம் மாறினால் இழுத்துக்கொண்டே தெற்கே போவோமே என்கிறார்கள். கடைசியில் இரண்டு எல்லை போட்டிருக்கிறோம், சோழகத்துக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று. பெண்கள் நாற்பத்தொரு பேர் கையெழுத்து, கைரேகை.

மாவட்டக் குழுவின் அந்த மூன்று பேர் யார் என்று தகவல் உரிமை மனுவும் போட்டாயிற்று. கூட்டத்துக்கு வேன் பேசியிருக்கிறோம், காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். மனுவை எத்தனை நகல் எடுத்துப் போவது, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை யாரிடம் கேட்பது, தெரிந்தவர்கள் இன்றைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சர்வேயர்மகன்:

நான்கு நகல். ஆட்சியருக்கு ஒன்று, மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு ஒன்று, மீன்வளத் துறைக்கு ஒன்று, உங்கள் கையில் ஒன்று. உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் மேசையை விட்டு நகராதீர்கள். பேச்சை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். ஆச்சியையும் வேனில் ஏற்றிவிடுங்கள்.