தவறாமையா, நம்பகத்தன்மையா?

நண்பர்களே,

மென்பொருள்வழி வலையமைப்பில் (SDN) ஸ்விட்சுகளுக்கு வழிகாட்டும் மைய மென்பொருளான கட்டுப்படுத்தி எவ்வளவு காலம் விழாமல் ஓடும் என்ற மதிப்பீட்டுக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘reliability’ என்பதற்கு, தமிழில் ‘நம்பகத்தன்மை’யே போதும் என்கிறீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை. அந்தச் சொல்லுக்கு இதே துறையில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ஸ்விட்சுக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே, எதிர்முனை உண்மையானதுதானா என்று அறிய டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு முறை) சான்றிதழைச் சரிபார்க்கிறோமே, அதுவும் நம்பகம்தான். சான்றிதழ் பழுதில்லாத கட்டுப்படுத்தியும் அடிக்கடி விழலாம்.

நாம் அளப்பது, குறிப்பிட்ட சூழலில் குறிப்பிட்ட காலம்வரை செயலிழக்காமல் ஓடுவதற்கான நிகழ்தகவை. அதற்கு ‘தவறாமை’ என்று வைக்கலாம். ‘மாதம் தவறாமல்’ என்கிறோமே, அந்தத் தவறாமை. ஒழுக்க வாடை அடிக்கிறது என்பீர்கள். ‘மென்பொருள்’ என்று முன்னால் சேர்த்தால் அது போய்விடும்.

இதைவிட முக்கியம், வழுவையும் (bug) செயலிழப்பையும் (failure) குழப்பாமல் இருப்பது. வழு நிரலுக்குள் கிடக்கும். செயலிழப்பு வெளியே தெரியும். ஓனோஸ், ஓப்பன்டேலைட் என்னும் கட்டுப்படுத்திகள் இரண்டும் திறமூலம் என்பதால், அவற்றின் வழுப் பதிவுகளை எடுத்து, செயலிழப்புகள் காலப்போக்கில் எப்படிக் குறையும் என்று கணிக்கும் கோயல்–ஒகுமோட்டோ (1979) போன்ற மாதிரிகளில் பொருத்திப் பார்க்க முடிகிறது. ஆனால் அந்த மாதிரி எண்ணுவது செயலிழப்புகளை. நம் கையில் இருப்பதோ வழு அறிக்கைகள், அதுவும் காலண்டர் தேதியோடு. எத்தனை மணி நேரம் ஓடியபின் விழுந்தது என்பது பெரும்பாலும் அதில் இராது. இரண்டையும் ‘பிழை’ என்றே எழுதிவிட்டால் இந்த ஓட்டை வாசகர் கண்ணில் படவே படாது.

‘கிடைப்புநிலை’ (availability), அதாவது வேண்டும்போது சேவை கிடைக்கும் அளவு, தனிச்சொல்லாகவே இருக்கட்டும். மூன்று கணுக்கள் (கணினிகள்) சேர்ந்து இயங்கும் ஓனோஸ் கொத்தில் ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் பெரும்பான்மையாக நின்று சமாளிக்கும். அதனால் உயர்வது கிடைப்புநிலை. ஒவ்வொரு கணுவின் தவறாமையும் இருந்தபடியேதான் இருக்கும். மூன்றிலும் ஓடுவது ஒரே நிரல் என்பதால் வழுவும் ஒன்றே. கோணலான ஒரே செய்தி மூன்றையும் அடுத்தடுத்துச் சாய்த்துவிடலாம்.

அப்புறம், கட்டுப்படுத்தி விழுந்த உடனே வலையமைப்பும் படுத்துவிடும் என்று இல்லை. ஸ்விட்சில் ஏற்கெனவே பதிந்த விதிகள் காலாவதியாகும்வரை அவற்றின்படி பாக்கெட்டுகள் போய்க்கொண்டிருக்கும். விதி இல்லாத புதிய ஓட்டங்கள் (பாக்கெட் வரிசைகள்) தான் தடுமாறும். ஆகவே கட்டுப்படுத்திச் செயலிழப்பு வேறு, வலையமைப்புச் செயலிழப்பு வேறு என்று பிரித்தே எழுதலாம்.

ஒன்றுதான் இடிக்கிறது. வழுக்களைத் திருத்தத் திருத்த மென்பொருள் மேம்படுவதைக் காட்டும் மாதிரிகளுக்கு ‘தவறாமை வளர்ச்சி’ என்றால் காதில் ஒட்டவில்லை. ‘தேற்றம்’ அழகாக இருக்கும், ஆனால் அதைக் கணிதத்தார் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உங்களுக்கு வேறேதும் தோன்றுகிறதா?