போனில் 60, ஹாட்ஸ்பாட்டில் 4: குறை எங்கே?

கேள்வி:
ஆண்ட்ராய்டு போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 60 எம்பிபிஎஸ் வருகிறது. அதிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு விண்டோஸ் லேப்டாப்பை இணைத்தால் 4-ஐத் தாண்டவில்லை. போன் லேப்டாப்பை ஒட்டித்தான் இருக்கிறது, வைஃபை கோடுகளும் முழுசாக. பேண்ட், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசை, 2.4 கிகாஹெர்ட்ஸ். 5-க்கு மாற்றினால் பட்டியலில் பெயரே வருவதில்லை.

பதில்:
ஹாட்ஸ்பாட்டில் இரண்டு கண்ணிகள்: டவர்–போன், போன்–லேப்டாப். போனில் 60 வருவதால் முதல் கண்ணி சரி. அந்தக் கோடுகள் இரண்டாவது கண்ணியின் அலை பலத்தை மட்டுமே காட்டும், கூடவே எவ்வளவு இரைச்சல், அதாவது குறுக்கிடும் வேறு அலைகள், என்று சொல்லாது.

விண்டோஸில் கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். டீஃபால்ட் கேட்வே என்று வரும் எண்தான் உங்கள் போன். லேப்டாப்புக்கு முகவரி தருவதும், அதன் போக்குவரத்தைத் தன் முகவரியில் வெளியே அனுப்புவதும் அதுதான். அந்த எண்ணுக்கு பிங் ஓடவிடுங்கள், ஒரு சிறு செய்தி போனுக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். 10 மில்லிசெகண்டை ஒட்டி நின்றால் நல்லது. 200, 300 என்று துள்ளினால் வைஃபையில்தான் கோளாறு.

இன்னொரு பதில்:
யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஏதாவது செருகியிருக்கிறதா? அதன் கேபிளும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. புளூடூத் மவுஸ் விட்டுவிட்டு நகர்வதற்கும் பல நேரம் இதே காரணம்தான். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு பிங் பாருங்கள்.

கேட்டவர்:
டிஸ்க் இருந்தது, போனுக்கு நாலு விரல் தள்ளி. பிங் 400 வரை துள்ளியது. கழற்றியதும் 3, 4 மில்லிசெகண்ட். வேகம் 38. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் தெரியவில்லை.

பதில்:
லேப்டாப்பின் வைஃபை கார்டுக்கு அந்த பேண்ட் இருக்காது. நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டிரைவர்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து, ரேடியோ டைப்ஸ் வரியைப் பாருங்கள். 802.11-க்குப் பின்னால் பி, ஜி, என் மட்டும் இருந்து, ஏ, ஏசி எதுவும் இல்லையென்றால் அது 2.4 மட்டும் பிடிக்கும் கார்டு. செட்டிங் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. டிஸ்க்கும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், போனின் இணையம் கேபிள் வழியே லேப்டாப்புக்குப் போகும், வைஃபையே குறுக்கே வராது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் அது வேலை செய்யாது, டேட்டா கேபிள் வேண்டும்.

எந்த வழியில் போனாலும், விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்டு, அதாவது டேட்டா அளவோடு உள்ள இணைப்பு, என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் அப்டேட் பின்னணியில் இறங்கி அன்றைய டேட்டாவைத் தின்றுவிடும்.