அம்மம்மாவின் அலுமாரிக் கண்ணாடிச் சாமான்கள்: எது எந்தக் காலத்தது என்று எப்படிப் பார்ப்பது?

வாவிக்கரைப் பேத்தி:
வணக்கம். நான் மட்டக்களப்பு, புளியந்தீவு. மாசி மாதம் அம்மம்மா தவறிவிட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு அம்மாவுக்கு, அவருக்குப் பிறகு எனக்கு என்பதால் அலுமாரி ஒதுக்குகிற வேலையும் என்னிடம் வந்திருக்கிறது. மேல் தட்டு முழுக்கக் கண்ணாடி. 1978 சூறாவளியில் கூரை ஓடு பறந்தபோது, பிள்ளைகளுக்கு அடுத்ததாக அவர் பாயில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியது இதுகளைத்தான் என்று அம்மா சொல்வார்.

இருப்பவை: மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், காலும் நெளிந்த விளிம்பும் உள்ள ஒரு கிண்ணம். உடம்பில் வரிவரியாகப் புடைப்பு உள்ள ஆறுமூலைக் கடும் நீலச் சின்னப் போத்தல். கழுத்துக்குள் கோலி கிடக்கும் சோடாப் போத்தல் ஒன்று. பூவேலை செய்த ஆறு சின்னக் கிளாஸ்கள், அதில் ஒன்று மூளி. அப்புறம் அடியில் ஒடுங்கி மேலே அகன்ற சதுரப் போத்தல், கறுப்போ என்று நினைக்கிற அளவு கரும்பச்சை. அது ஒல்லாந்தர் காலத்தது என்று மாமா அடித்துச் சொல்கிறார், ஆனாலும் மொத்தத்தையும் போத்தல் வாங்குகிறவருக்குக் கொடுத்துவிடு என்பதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வருவார். கனடாவில் இருக்கும் அண்ணா சதுரப் போத்தலைத் தனக்கு அனுப்பச் சொல்கிறார். எனக்கு எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

கல்லடிப் பழசு:
தங்கச்சி, ஞாயிறு வருகிறவரை முதலில் வரவேண்டாம் என்று சொல்லுங்கள். மொத்த விலை என்றால் கிண்ணமும் வெறும் போத்தலும் ஒரே கணக்கில் போய்விடும்.

நீலப் போத்தலைத் தண்ணீர் விட்டுக் கழுவி எதற்கும் பாவிக்காதீர்கள். அது நஞ்சு மருந்துப் போத்தல். விளக்கு வெளிச்சத்தில் எடுக்கிறவர் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அந்த வரிகளும் மூலைகளும். உட்கொள்ளக் கூடாது என்று ஆங்கிலத்தில் புடைத்த எழுத்து இருக்கிறதா பாருங்கள்.

சதுரப் போத்தல், மாமா சொல்வது பாதி சரி. ஒல்லாந்தர் நாட்டு ஜின் என்ற மது அந்த வடிவப் போத்தலில்தான் வந்தது, மரப்பெட்டியில் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம், அதற்காகத்தான் சதுரம். ஒல்லாந்தர் நம் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் பிடித்தது 1638, ஆங்கிலேயரிடம் விட்டது 1795. ஆனால் அதே வடிவம் 1800கள் முழுக்கச் செய்யப்பட்டது, அதனால் வடிவத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. அச்சுக் கோட்டை, அதாவது வார்ப்பு அச்சின் பாதிகள் சேர்ந்த இடத்தில் விழும் கோட்டைத் தேடுங்கள், பக்கவாட்டில் நகத்தால் தடவினால் தட்டுப்படும். கோடு வாய் விளிம்பு வரை ஏறினால் இயந்திரப் போத்தல், அமெரிக்காவில் ஓவன்ஸ் தானியங்கி இயந்திரத்தைக் கொண்டுவந்த 1903க்குப் பிந்தியது. கழுத்தோடு கோடு நின்றுவிட்டால் வாயைக் கையால் செய்திருக்கிறார்கள். கோடே இல்லாமல், அடியில், செய்யும்போது போத்தலைப் பிடித்திருந்த இரும்புக் கோலை உடைத்தெடுத்த சொரசொரத் தழும்பும் இருந்தால் மாமா சொல்வதில் விஷயம் இருக்கலாம். உள்ளே குமிழ் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், இன்று ஊதுகிற கண்ணாடியிலும் குமிழ் வரும்.

அண்ணாவுக்கு அனுப்பும் கதையை இப்போதைக்கு விடுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் என்றால் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

கோலிப் போத்தல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் கண்டுபிடித்தது. தலைகீழாகப் பிடித்துச் சோடா நிரப்புவார்கள், நிமிர்த்தும்போது உள்ளே இருக்கும் வாயு கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கோலிக்காகவே உடைத்த பொடியன்கள் எத்தனை பேர்! இந்தியாவில் இந்த வகை இன்றும் வருகிறது, ஆகவே உடம்பில் புடைத்திருக்கும் சோடாக் கம்பனியின் பெயரையும் ஊரையும் வாசியுங்கள். ஊர்ப் பெயர் ஒன்று இருந்தாலே போத்தலின் மதிப்பு வேறு.

காத்தான்குடிக் கடை:
கிண்ணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தங்கச்சி. கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா லைட் என் கடையில் இருக்கிறது, உங்கள் பக்கத்துக் கடையிலும் இருக்கும். கிண்ணத்தை இருட்டு அறையில் வைத்து அதை அடியுங்கள். பச்சையாகப் பளிச்சென்று எரிந்தால் யுரேனியம் கலந்த கண்ணாடி. என் உம்மாவிடம் இருந்த சீனிக் கிண்ணத்தை இப்படித்தான் கண்டுபிடித்தேன், அன்று இரவு வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன். இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவில் ஜோசப் ரீடல் என்பவர் 1830களில் இந்த மஞ்சளையும் பச்சையையும் செய்து தன் மனைவி அன்னாவின் பெயரை இரண்டுக்கும் வைத்தார். இரண்டாம் உலகப் போரில் யுரேனியம் கண்ணாடிக்காரருக்குக் கிடைக்காமல் போனது. மங்கலாகப் பச்சை தெரிந்தால் மாங்கனீசாகவும் இருக்கலாம், யுரேனியத்தின் வெளிச்சம் கண்ணைக் குத்தும். அலுமாரியில் வைத்திருக்கப் பயமில்லை. ஆனால் புளிப்பான சாமான் போட்டு வைக்க வேண்டாம், மூளியாக இருந்தால் அரத்தால் தேய்க்கவே வேண்டாம்.

வாவிக்கரைப் பேத்தி:
எரிந்தது அண்ணா! அம்மா பயந்து ஒரு எட்டுப் பின்னால் போய்விட்டார். சதுரப் போத்தலில் கோடு இருக்கிறது, தோளுக்கு மேலே இல்லை, வாய் வேறாக ஒட்டினது போலத் தடிப்பாக இருக்கிறது. கிளாஸ்களை எப்படிப் பார்ப்பது?

கல்லடிப் பழசு:
அப்படியானால் அச்சில் ஊதி, வாயைக் கையால் வைத்தது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தது என்று சொல்லமாட்டேன், 1800களின் பிற்பாதி என்றுதான் எனக்குப் படுகிறது. அதுவும் சின்ன வயதில்லை, கொடுக்காதீர்கள்.

அக்கரைப்பற்று டீச்சர்:
கிளாஸில் பூவேலையின் விளிம்பை விரலால் தடவுங்கள். சுருக்கென்று கூராக இருந்தால் சக்கரத்தில் பிடித்து வெட்டினது, வழுவழுவென்று உருண்டு போனால் அச்சில் அழுத்தினது. வெறும் கிளாஸை மெதுவாகச் சுண்டினால் மணி போல நீளமாக ஒலிப்பது பெரும்பாலும் ஈயம் கலந்தது, கையில் கனமும் தெரியும். அதில் ஊற்றி உடனே குடிக்கலாம், நாள் கணக்கில் எதையும் ஊற்றி வைக்கக் கூடாது. அடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பல வருடம் மேசையில் இழுபட்ட கிளாஸுக்கு அடி விளிம்பில் எல்லாத் திசையிலும் சிறு கீறல் இருக்கும், ஒரே பக்கமாகக் கீறியிருந்தால் யாரோ பழசாக்கப் பார்த்திருக்கிறார்கள்.

கழுவும்போது பிளாஸ்டிக் பேசினில் துவாய் விரித்து, சுடுதண்ணீர் இல்லாமல், ஒவ்வொன்றாக. வெள்ளையாக மங்கல் படிந்திருந்தால் வினாகிரியில் ஊற வையுங்கள், கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றால் போய்விடும். போகாவிட்டால் கண்ணாடியே அரித்துப் போயிருக்கிறது, அதோடு விட்டுவிடுங்கள்.

மூளியானதைத் தனியாக எடுத்துப் போடவேண்டாம் மகள். என் அப்பாவின் மேசை விளக்கைச் சிமினி உடைந்தது என்று ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டேன், இரண்டு மாதத்தில் அதே அளவுச் சிமினி சொந்தக்காரர் வீட்டில் கிடைத்தது. அந்தச் சிமினி இன்னும் என்னிடம் இருக்கிறது. யார் வாங்கினது, எதற்குப் பாவித்தது என்று அம்மாவிடம் இப்போதே கேட்டு ஒரு துண்டில் எழுதி உள்ளே போட்டு வையுங்கள்.

வாவிக்கரைப் பேத்தி:
வியாபாரியை மறித்துவிட்டேன். கிளாஸ் ஆறும் ஒலிக்கிறது, மூளியானதும் கூட. எழுத உட்கார்ந்தபோதுதான் அம்மா சொன்னார், அம்மம்மாவின் அப்பா அப்போதிக்கரியாக, மருந்து கொடுக்கிறவராக, இருந்தவராம். நீலப் போத்தல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவே இல்லை.