கைக்கடக்கமான குறுக்குவில்: அளவைக் குறைத்தால் ஆற்றல் எங்கே போகிறது?

காகிதப்பொறி கேட்டது:

வணக்கம். நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் குறுக்குவில்லின் (கட்டையின் குறுக்கே பொருத்திய வில்) பூட்டு, அதாவது இழுத்த நாணைப் பிடித்துவைத்து விடுவிக்கும் பொறி, எப்படி இயங்கியது என்று காட்டும் மரமாதிரி ஒன்றை எங்கள் துறைக் கண்காட்சிக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். அது கணை எய்யாது. நாணின் இடத்தில் தளர்வான கயிறுதான் இருக்கும். ஆனால் அதன் அருகில் மாட்டப்போகும் விளக்க அட்டையில் கணக்கு பிழைத்துவிடக் கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன்.

ரால்ஃப் பெய்ன்-கால்வே என்ற ஆங்கிலேயர் பழைய முற்றுகைக் குறுக்குவில் ஒன்றைச் சீர்செய்து, வேல்சிலுள்ள மெனாய் நீரிணைக்குக் குறுக்கே எய்து பார்த்து, 1903இல் விவரங்களை வெளியிட்டார். அந்த வில்லின் இழுவிசை 1200 பவுண்டு. எஃகு வில்லின் நீளம் 3 அடி 2 அங்குலம். நாண் பின்னுக்கு வரும் தூரம் 7 அங்குலம். 3 அவுன்சு எடையுள்ள கணை சுமார் 450 கெஜம் சென்றது. ஆங்கிலேயரின் நெடுவில்லுக்கு 120 பவுண்டு இழுவிசை என்று வைத்துக்கொண்டால், குறுக்குவில் அதைப்போல் பத்து மடங்கு வலியது என்று அட்டையில் எழுதலாமா?

இன்னொரு கேள்வி. இத்தாலியில் 'பலெஸ்திரினோ' என்ற, முழுவதும் உலோகத்தாலான மிகச் சிறிய குறுக்குவில்கள் இருந்தன. அங்கிக்குள் ஒளித்து வைத்துக் கொலை செய்யப் பயன்பட்டவை என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். பெரிய வில்லை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால், ஆற்றலும் நான்கில் ஒரு பங்குதானே ஆகும்? அப்படியானால் அது கொடிய ஆயுதம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, பத்து மடங்கு என்று எழுதிவிடாதீர்கள். வில்லில் சேரும் ஆற்றல் இழுவிசை மட்டுமன்று. இழுவிசையோடு நாண் ஓடும் தூரத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் வருவதே அது. விசை சீராக ஏறுகிறது என்று கொண்டால் இந்தக் கணக்கு போதும். 1200 பவுண்டு என்பது ஏறக்குறைய 5340 நியூட்டன். 7 அங்குலம் என்பது 0.178 மீட்டர், ஆகவே சேர்வது சுமார் 475 ஜூல். நெடுவில்லின் 120 பவுண்டு 534 நியூட்டன்தான் என்றாலும், அதன் நாண் ஏறத்தாழ 24 அங்குலம், அதாவது 0.61 மீட்டர் பின்னுக்கு வருவதால் சுமார் 163 ஜூல் சேர்கிறது. விசையில் பத்து மடங்காக இருந்தது ஆற்றலில் மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவாகிவிட்டது.

அந்த மூன்று மடங்கும் கணைக்குப் போய்ச் சேர்வதில்லை. நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்வோம். 450 கெஜம் என்பது 411 மீட்டர். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு, 45 பாகையில் எய்தால் அந்தத் தூரத்தை எட்டக் கணைக்கு நொடிக்கு 64 மீட்டர் வேகமாவது வேண்டும். 85 கிராம் கணைக்கு அந்த வேகத்தில் உள்ள ஆற்றல் 170 ஜூலை ஒட்டியது. காற்றுத்தடையையும் சேர்த்தால் புறப்படும்போது இதைவிட அதிகம் இருந்திருக்க வேண்டும்; ஆனாலும் 475இல் பாதியை எட்டியிருக்குமா என்பது ஐயமே. மீதி, கனத்த எஃகுக் கைகளை முன்னே வீசுவதிலும் அவை நின்றபின் அதிர்வதிலும் வீணாகிறது. அந்தச் சிறிய தூரத்துக்காக வில்வீரன் உருளையும் கப்பியும் வைத்துச் சுற்றிச் சுற்றி நாணேற்ற வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் நெடுவில்லாளி பல அம்புகளை எய்துவிடுவான்.

சுருக்குவது பற்றிய உங்கள் ஊகத்தில்தான் பெரிய பிழை இருக்கிறது. வளையும் தகட்டில் ஆற்றல் தங்குவது அதன் கன அளவில். ஒரே உலோகத்தை அதே தகைவு (பரப்பலகு ஒன்றுக்கு உள்ளே எழும் விசை) வரை வளைத்தால், ஒவ்வொரு கன சென்டிமீட்டரும் ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றலையே தாங்கும். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் நான்கில் ஒன்றாக்கினால் கன அளவு 64இல் ஒன்றாகிறது, ஆற்றலும் அவ்வாறே. 475ஐ 64ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏழரை ஜூல்கூட வராது. இழுவிசை 16இல் ஒன்றாகி 75 பவுண்டு. நாணின் ஓட்டம் ஒன்றேமுக்கால் அங்குலம். இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினாலும் அதே விடைதான் வரும்.

சில பலெஸ்திரினோக்களில் ஏன் திருகு வைத்து நாணேற்றினார்கள் என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது. 75 பவுண்டை விரலிடுக்கில் பிடித்து இழுக்க முடியாது. அடிக்கட்டைக்குள் திருகு இருந்தால் சிறுவனும் ஏற்றிவிடுவான். ஆனால் ஏற்றி முடித்தபின் கிடைப்பது என்ன? உண்மையான வில்கள் சரியாக நான்கில் ஒரு பங்கு அளவில் இருந்திருக்க வேண்டியதில்லை, சற்றுத் தடிப்பாகவும் இருந்திருக்கலாம். அதனால் எண் கொஞ்சம் கூடட்டும். அப்போதும் தடித்த கம்பளி அங்கியே அதற்கு நல்ல கவசமாகியிருக்கும். கொல்லனின் கைத்திறனைக் காட்டும் அழகிய விளையாட்டுப் பொருளாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

தொல்கருவி எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். மாணவர் கேட்டிருப்பது பூட்டின் மாதிரி என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன். கைக்கடக்கமான வடிவமைப்பு முதலில் இடறும் இடமும் அதுதான்.

ஐரோப்பியப் பூட்டின் உயிர்நிலை, 'நட்' எனப்படும் சுழலும் சிறு உருளை. பெரும்பாலும் மான்கொம்பில் கடைந்திருப்பார்கள், ஏனெனில் கொம்பு அதிர்ச்சியைத் தாங்கும், எளிதில் பிளக்காது. மேற்புறத்தில் இரு விரல்கள் போன்ற பற்கள் நாணைப் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கிடையே கணையின் பின்முனை அமரும். அடிப்புறத்தில் வெட்டிய படியில் விசைக்கோலின் (எய்வதற்கு அமுக்கும் நெம்புகோல்) முனை முட்டுக்கொடுத்து உருளையைச் சுழலவிடாமல் நிறுத்தும். முட்டும் இடத்தில் கொம்பு நசுங்கிவிடும் என்பதால் அங்கே சிறு எஃகுத் துண்டு ஒன்றைப் பதிப்பார்கள். உங்கள் மாதிரியில் இந்த எஃகுத் துண்டை வேறு நிறத்தில் காட்டுங்கள்; பார்ப்பவர்கள் தவறவிடும் பகுதி அது.

இப்போது விசைகளைப் பாருங்கள். நாணின் பிடியும் முட்டும் உருளையின் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருந்தால், 5340 நியூட்டனும் அப்படியே முட்டில் இறங்குகிறது. உராய்வுக் கெழுவை 0.15 என்று கொண்டால், முட்டை நழுவச் செய்ய 800 நியூட்டன் வேண்டும். விசைக்கோலின் குறுங்கை ஒன்றரை சென்டிமீட்டர், நெடுங்கை 25 சென்டிமீட்டர் என்றால், விரலுக்கு வருவது 48 நியூட்டன், சுமார் 5 கிலோ எடையைத் தூக்கும் அளவு. கை முழுவதாலும் அமுக்கினால் தாங்கக்கூடியதுதான். பழைய ஓவியங்களில் அடிக்கட்டையின் கீழே அவ்வளவு நீண்ட கோல் தொங்குவது அலங்காரத்துக்காக அன்று.

அந்தக் கோலை 8 சென்டிமீட்டராகக் குறைத்துப் பாருங்கள்: விரலுக்கு 150 நியூட்டன் வருகிறது. அவ்வளவு அழுத்தி இழுக்கும்போது வில்லே குறியிலிருந்து விலகிவிடும். ஆகவே நீளத்தைக் குறைக்க விரும்பும் வடிவமைப்பாளர் ஒரே நெம்புகோலை நம்ப முடியாது. இரண்டு படிகளாகப் பிரித்தாக வேண்டும்.

இதைச் சீனர்கள் ஐரோப்பியரைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே செய்துவிட்டார்கள். 1974இல் சியான் அருகே கண்டெடுக்கப்பட்ட சுடுமண் வீரர்களுடன் கிடைத்த வெண்கலக் குறுக்குவில் பூட்டுகளில், நாணைப் பிடிக்கும் பல், அதைத் தாங்கும் இடைத்துண்டு, விரல் இழுக்கும் தொங்கும் விசை என மூன்று அசையும் உறுப்புகள் உண்டு. பல்லின் பளுவை இடைத்துண்டு தன் நெம்புகோல் விகிதத்தால் குறைத்து, மிகச் சிறிய பங்கையே விசைக்கு அனுப்புகிறது. முழுப் பூட்டும் உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு ஊசிகளை உருவினால் துண்டு துண்டாகக் கழன்று வந்துவிடும். அங்கே அது நேரடியாக மரத்தில் பதிக்கப்பட்டிருந்தது. பின்னர் ஹான் காலத்தில் அதற்கு வெண்கலக் கூடு சேர்த்தார்கள். அதனால் பளு ஊசித்துளைகளில் குவியாமல் மரத்தில் பரவியது. என் கருத்தில், கைக்கடக்கமான குறுக்குவில்லின் வரலாற்றைத் தொடங்க வேண்டிய இடம் பலெஸ்திரினோ அன்று, இந்தப் பூட்டு.

சுழல்தட்டு எழுதியது:

பட்டறைக்காரரின் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். எண்கள் சரி, ஆனால் பாதி ஆற்றல் வீணானது என்பதை எஃகு வில்லின் மாறாத குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க இயற்பியலாளர் பால் குளோப்ஸ்டெக், வில்லின் அசையும் பாகங்களெல்லாம் சேர்ந்து நாணோடு ஓடும் ஒரு 'கற்பனை நிறை' போல நடந்துகொள்கின்றன என்று காட்டினார். கணையின் நிறையை, கணை நிறையும் கற்பனை நிறையும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் திறன், அதாவது சேர்ந்த ஆற்றலில் கணைக்குப் போகும் பங்கு, கிடைக்கும். 85 கிராம் கணைக்குத் திறன் நூற்றுக்கு 40 என்றால், கற்பனை நிறை ஏறத்தாழ 130 கிராம். அதே வில்லில் 170 கிராம் கணையை வைத்தால் திறன் 57ஆக உயர்கிறது. தூரத்துக்காக எய்த சோதனையை வைத்து அந்த வில்லை எடைபோட்டால் அதற்கு அநியாயம் செய்கிறோம். கனத்த வில்லுக்குக் கனத்த கணைதான் பொருந்தும்.

கன அளவுதான் ஆற்றலைத் தீர்மானிக்கிறது என்றால், இன்றைய விளையாட்டுக் குறுக்குவில்கள் இவ்வளவு குறுகலாக இருந்தும் எப்படி வேகமாக எய்கின்றன என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது பொருள்: கண்ணாடியிழைக் கலவை, ஒரு கிலோவுக்கு வில்லெஃகைவிடப் பல மடங்கு ஆற்றலைத் தாங்கும், அதனால் கற்பனை நிறையும் சரிகிறது. இரண்டாவது, மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற கூட்டுவில். வில்கையின் நுனியில் மையம் விலகிய சக்கரத்தை வைத்ததால், கை எவ்வளவு வளைகிறது என்பதற்கும் நாண் எவ்வளவு ஓடுகிறது என்பதற்கும் இருந்த கட்டு அறுந்தது. குட்டையான தடித்த கைகள் சில சென்டிமீட்டரே அசைகின்றன. நாணோ அதைப்போல் பல மடங்கு ஓடுகிறது. இழுவையின் தொடக்கத்திலேயே விசை உச்சத்துக்கு ஏறி நிற்பதால், 'பெருக்கிப் பாதியாக்கு' என்ற சூத்திரமும் இங்கே செல்லாது. பாதிக்கு மேலேயே சேரும்.

இன்னொரு வழி, வில்லைத் திருப்பி வைப்பது. வில்கைகளைத் தோளின் பக்கமாகக் கொண்டுவந்து, நாண் முன்புறத்திலிருந்து பின்னுக்கு வருமாறு அமைத்தால், அடிக்கட்டையை நீட்டாமலே ஓட்டத்தை நீட்டலாம். மூக்குப்பக்கத்துக் கனமும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. கணை இல்லாமல் எய்தால், கணை எடுத்துச் சென்றிருக்க வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பி, கைகளை விரிசலிடச் செய்யும். அதனால்தான் இப்போதைய பூட்டுகளில் கணை அமராவிட்டால் விசை விடுபடாதபடி தனித்தடை ஒன்றை வைக்கிறார்கள். மாணவர் தளர்ந்த கயிறோடு நிறுத்திக்கொண்டது நல்லது.

காகிதப்பொறி எழுதியது:

மூவருக்கும் நன்றி, ஐயா. அட்டையிலிருந்து பத்து மடங்கு என்ற வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இரண்டு வில்களின் விசை–தூர வரைபடங்களை ஒரே தாளில் வரையப்போகிறேன். குறுக்குவில்லுக்கு உயரமான ஒல்லி முக்கோணம், நெடுவில்லுக்குத் தாழ்ந்த அகல முக்கோணம். இரண்டின் பரப்புகளைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மாதிரியில் மான்கொம்புக்குப் பதிலாக உருளையை எதில் கடையலாம்? நான் தேக்கில் கடைந்த முதல் உருளை, கயிற்றை லேசாக இழுத்ததற்கே பல்லின் அடியில் இழை வாக்கில் பிளந்துவிட்டது.

பட்டறைக்காரர் எழுதியது:

தேக்குக்கு இழை நேராக ஓடும். பல் வெட்டினால் அப்படித்தான் பிளக்கும். மரம் வேண்டாம், நைலான் தண்டில் கடையுங்கள். லேத் பட்டறைகளில் வெட்டித் துண்டு கிடைக்கும். முட்டுமிடத்தில் ஒரு எஃகு ஊசியைக் குறுக்கே இறக்கிவிட்டால் தொல்கருவி சொன்ன பதிப்புத் துண்டையும் காட்டியதாகிவிடும்.