பழைய கார் சீட்டுக்குப் பழைய கைத்தொழில்காரர்தான் வேண்டுமா, கிட் போதாதா?

மார்க்டூ_பிரியன்:
என்னிடம் இருப்பது 1961 ஜாகுவார் மார்க் 2. முன் சீட்டில் தோல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. தையல்தான் விட்டுப்போய், வரிகளுக்கு நடுவே பிளந்து நிற்கிறது. காட்டிய இடத்திலெல்லாம் ஒரே பதில்: "மொத்தத்தையும் உரிச்சுட்டு புது ஃபோம், புதுக் கவர் போட்டுடலாம் சார்." எனக்கு அதில் மனசில்லை. பழைய வேலை தெரிந்த ஆளை எங்கே, எப்படித் தேடுவது?

வேகத்தடை:
தேடி அலைய வேண்டாம் நண்பரே. மார்க் 2-க்கு அளவாக வெட்டித் தைத்த கவர் கிட் ரெடிமேடாகவே கிடைக்கிறது. கைப்பக்குவமுள்ள சீட் தையல்காரர் யாரும் மாட்டிவிடுவார். தடித்த தோலை மேலும் கீழும் ஒன்றாக நகர்த்தித் தைக்கும் வாக்கிங் ஃபுட் மெஷினில் தையல் வரிசை பிசகாது. பழைய முறையில் சீட்டுக்குள் வைக்கும் குதிரை முடி, சணல் துணி எல்லாம் ஈரத்தை இழுக்கும், பூச்சி பிடிக்கும். உங்கள் சீட்டுக்குள் இருப்பதோ லேடெக்ஸ் (ரப்பர்) ஃபோமாகத்தான் இருக்கும். இத்தனை வருஷத்தில் அது கெட்டியாகி உதிர்ந்திருக்கும். எவ்வளவு பெரிய கைகாரரானாலும் அதை உயிர்ப்பிக்க முடியாது.

கோணிஊசி:
ஃபோம் விஷயத்தில் வேகத்தடை சொல்வது சரி. மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சீட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது கவர் இல்லை, உள்ளே இருப்பதுதான். அந்தக் காலத்து நல்ல தோல் சீட்டுகளில் ஒவ்வொரு வரியும் தனிக் குழாய் மாதிரி. உள்ளே பஞ்சு திணித்திருப்பார்கள். உட்கார்ந்தால் மெதுவாக அமுங்கும், எழுந்தால் மேலே லேசான சுருக்கம் தெரியும். மலிவான கிட்டில் மெல்லிய ஃபோம் தகட்டின் மேல் தோலை வைத்து நேர்கோடாக அடித்துவிடுகிறார்கள். வரி தட்டையாகிவிடும். அதற்கடியில் கெட்டி ஃபோம் வேறு வைத்தால் சீட் உயர்ந்து, ஸ்டியரிங் தொடையில் இடிக்கும்.

அதைவிட முக்கியம், தோல் நன்றாக இருக்கும்போது புதுத் தோல் எதற்கு? பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனமே, புதுசாக்குவதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதற்குத்தான் முதலிடம் தருகிறது.

வேகத்தடை:
மூலப்பொருள் கிடைக்காவிட்டால் நவீன மாற்றுப் பொருளைப் பயன்படுத்தலாம் என்பதும் அதே சாசனத்தில் இருக்கிறதே! இன்னொன்று, பழசு என்றாலே எல்லாம் கைவேலை என்று எண்ணிக்கொள்கிறோம். ஜாகுவாரே உடம்பு படும் இடத்தில்தான் தோல் போட்டது. சீட்டின் பக்கவாட்டிலும் முதுகிலும் வினைல், அதாவது தோல் மாதிரித் தெரியும் பிளாஸ்டிக். 1960-களின் பல கார்களில் சீட் வரி தையலே கிடையாது, வினைலைச் சூடாக்கி அழுத்தி ஒட்டிய கோடு. அதை ஊசி நூலால் தைத்துப் பாரம்பரியம் என்று பெயர் வைத்தால், தொழிற்சாலை செய்யாத ஒன்றை நாம் சேர்த்ததாகிவிடும்.

நாரும்நூலும்:
சீட் வேலைதான் என் தொழில், அதனால் சொல்கிறேன். வேகத்தடையின் கடைசிப் பேச்சை அப்படியே ஏற்கிறேன். காருக்குக் கார் முறை வேறு. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் சீட்டைத் திறந்தால் ஸ்பிரிங் மேல் ரப்பர் ஏற்றிய நார் மெத்தை இருக்கும். மார்க் 2-வில் வேறு கதை. அதனால் "பாரம்பரிய ஆள்" என்று தேடாதீர்கள். பிரிக்கத் தெரிந்த ஆளைத் தேடுங்கள்.

மார்க்டூ_பிரியனின் சீட்டுக்கு வருகிறேன். நூல் இற்றுப்போயிருக்கிறது, தோல் இல்லை. இதை மெஷினில் கொடுத்தால் ஊசி பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை போடும். தோலில் விழுந்த துளை மூடாது. இரண்டு வரிசைத் துளை ஆனதும், தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். நான் செய்வது, பழைய நூலைத் துண்டு துண்டாகப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் மெல்லிய துணி ஒட்டி, நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, அதே துளைகள் வழியாகக் கையால் தைப்பது. சேணம் தைக்கிற தையல். நூல் மட்டும் பாலியஸ்டர். பருத்தி நூல் மறுபடி இற்றுவிடும். ரொம்பத் தடித்த நூலும் ஆகாது, அது தோலையே அறுக்கும்.

கோணிஊசி:
இதைத்தான் சொல்ல வந்தேன் அண்ணே. ஆனால் இப்படிப்பட்டவரை எங்கே பிடிப்பது?

நாரும்நூலும்:
கார் சீட் கடைகளில் மட்டும் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஸ்பிரிங்கைக் கயிறு போட்டுக் கட்டி, சணல் துணி விரித்து, பழைய சோபா, நாற்காலி புதுப்பிப்பவர்களிடம் கேளுங்கள். குதிரைச் சேணம் செய்பவர்களிடமும் கேளுங்கள். உங்கள் கார் மாடலுக்கான உரிமையாளர் சங்கத்தில், வேலை முடிந்து சில வருஷம் ஓடிய காரைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக முடித்த சீட் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

ஆளைப் பார்த்ததும் ஒரு கேள்வி போதும்: "கழற்றிய பழைய கவரை என்ன செய்வீங்க?" தூக்கிப் போட்டுவிடுவேன் என்றால் கிளம்பிவிடுங்கள். தெரிந்தவர் ஒரு சீட்டைப் பிரிக்காமல் மாதிரிக்கு வைத்துக்கொண்டு, இன்னொன்றை மட்டும் பிரிப்பார். ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் எண் எழுதுவார், துண்டுகள் சேரும் இடத்தில் குறி போடுவார், அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுவார், பைப்பிங் (ஓரத்தில் வைத்துத் தைக்கும் உருண்டைக் கரை) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படம் எடுப்பார்.

வேகத்தடை:
தினமும் ஓட்டுகிற காருக்கு நான் இன்னும் கிட் பக்கம்தான். எல்லாராலும் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. பழைய ஆட்களுக்கே வேலை கொடுத்துக்கொண்டிருந்தால் இளையவர்கள் எப்போது பழகுவார்கள்?

நாரும்நூலும்:
கிட் மாட்டினால் மாட்டத்தான் பழகுவார்கள் தம்பி. பழைய சீட்டைப் பிரிக்கக் கொடுத்தால்தான் வேலை பழகுவார்கள்.

மார்க்டூ_பிரியன்:
தோலை வைத்துக்கொள்கிறேன், ஃபோமை மட்டும் மாற்றுகிறேன். ஆள் கிடைத்தால் ஓட்டுநர் சீட்டையே முதலில் கொடுத்துவிடலாமா?

நாரும்நூலும்:
வேண்டாம். பின் சீட்டின் நடு ஆர்ம்ரெஸ்ட்டைக் கழற்றிக் கொடுங்கள். சின்ன வேலை, ஆனால் மூலைத் தையல் எல்லாம் அதில் இருக்கிறது. அது திரும்பி வந்ததும் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.