கோல்ஸ்லா அடியில தண்ணி நிக்குது, என்ன பண்ணலாம்?

செங்காங்வாசி: சனிக்கிழமை பையன் பொறந்தநாள், பிளாக் கீழ வாய்ட் டெக்ல (அடித்தளத்துல இருக்குற திறந்த பொது இடம்) வச்சிருக்கோம். பிரியாணிக்கு தொட்டுக்க ஜில்லுனு கோல்ஸ்லா (முட்டைக்கோஸ், கேரட் சீவி மயோனைஸ்ல கலக்குற சாலட்) வைக்கணும்னு ஆசை, ஆனா கலந்து கொஞ்ச நேரத்துலயே தண்ணி விட்டுடுது. சைவக்காரங்களும் வராங்க, முட்டை கூடாது.

தேக்கா அக்கா: முட்டைக்கோஸ மெல்லிசா சீவி, அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு பிசறி வடிதட்டுல அரை மணி நேரம் விடுங்க, உப்பு உள்ள இருக்குற தண்ணிய இழுத்து வெளிய கொண்டாந்துடும், அப்புறம் ஒரு தடவ அலசி கையால நல்லா பிழிஞ்சு துணில ஒத்தி எடுங்க. இதுதான்மா முக்கியம். கேரட்டுக்கு இவ்ளோ வேலை வேணாம்.

ஜூரோங் தம்பி: முட்டை இல்லாத மயோனைஸ் கடைலயே இருக்கு, லேபிள படிச்சு வாங்குங்க. எனக்கு புடிச்சது தயிர்தான், துணில கட்டி ராத்திரி பூரா ஃப்ரிட்ஜுல வடிய விட்டா கெட்டியாயிடும், அதுல எலுமிச்சை, மிளகு, சர்க்கரை, துளி கடுகு பேஸ்ட்.

ஈசூன் அம்மா: வெளிய வைக்கிறீங்கன்னா கவனம்ங்க, 5லேர்ந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி வேகமா பெருகும். காயையும் தயிரையும் தனித்தனியா ஐஸ் பெட்டில கொண்டுபோய் பரிமாறும்போது கலந்துக்கங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்தத பிள்ளைங்களுக்கு தயவுசெஞ்சு குடுக்காதீங்க.

செங்காங்வாசி: ரொம்ப நன்றி! ஊதா கோஸ் சேக்கலாமா அக்கா?

தேக்கா அக்கா: சேக்கலாம், ஆனா கலர் இறங்கி எல்லாம் ரோஸ் ஆயிடும், கடைசில மேல தூவிடுங்க.