நாலாம் தெரு பொங்கல் கப் குரூப்

கணேசன்: நாளைக்கு பைனல், காலைல 7 மணி. டி-சர்ட் 13 வந்துருக்கு. எங்க வீட்டு திண்ணைல கெடக்கு, எடுத்துக்கிடுங்க

ராஜா: முத்து வாரானா

கணேசன்: போன் எடுக்கல

செல்வி அக்கா: அவன் வரமாட்டான்

இசக்கி: நேத்து அண்ணாச்சி பேசுனதுக்கா?

செல்வி அக்கா: ம்

பாண்டி: நான் நேத்து ஊர்ல இல்ல. என்ன சொன்னாரு?

இசக்கி: முத்துக்கு மேன் ஆப் த மேட்ச் குடுக்கும்போது மைக்ல "லைட் பத்தல, பல்லைக் காட்டுடே, எங்க நிக்கன்னு தெரியட்டும்"னாரு. பந்தலே சிரிச்சுச்சு. அவன் டிபன் கேரியரை மேசைலயே வச்சுட்டு இறங்கிப் போய்ட்டான்

மாரி: எங்க மாமா விளையாட்டுக்குச் சொன்னாரு. 15000 குடுத்தவருக்கு ஒரு தமாஷ் பண்ண உரிமை இல்லையா

சங்கரன் சார்: மாரி, காசு குடுத்தவர்னு நீ சொன்னதால சொல்லுதேன். 2014, அமெரிக்கா, என்பிஏ பாஸ்கெட்பால். லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் டீமுக்கு முதலாளி டொனால்ட் ஸ்டெர்லிங். ஆடுத பசங்கள்ல பெரும்பாலும் கறுப்பினத்தவங்க. இவர் தோழிகிட்ட, கறுப்பர்களை என் மேட்சுக்குக் கூட்டிட்டு வராதன்னு பேசுன ஆடியோ வெளிய வந்துட்டு. அதுகூட வீட்டுக்குள்ள பேசுனது, மைக்ல இல்ல. நாலே நாள்ல, ஏப்ரல் 29, என்பிஏவை நடத்துத கமிஷனர் ஆடம் சில்வர் வாழ்நாள் தடை போட்டாரு. அபராதம் 25 லட்சம் டாலர், விதியில அதுக்கு மேல இடமில்ல. கடைசில டீமே கைமாறிட்டு

பாண்டி: சார் சுருக்கமா

சங்கரன் சார்: இது சுருக்கம்தான்

சரசு அத்தை: இன்னிக்குத் தண்ணி வருமா யாராச்சும் சொல்லுங்க

இசக்கி: டீமை எவ்வளவுக்கு வித்தாங்க சார்

சங்கரன் சார்: 200 கோடி டாலர். மைக்ரோசாப்ட்ல இருந்த ஸ்டீவ் பால்மர் வாங்குனாரு. ஸ்டெர்லிங் 1981ல வாங்குனது ஒண்ணேகால் கோடி டாலருக்கு

ராஜா: 160 மடங்கா! இது தண்டனையா, குலுக்கல்ல விழுந்த பரிசா

மாரி: எங்க மாமாவுக்கும் அதே தண்டனை குடுங்க 😄

இசக்கி: சிரிக்காதடே. அக்கா பாத்துட்டு இருக்காங்க

பாண்டி: நம்ம கிரிக்கெட் டீம் ஹர்திக் பாண்டியாவும் கே.எல்.ராகுலும் டிவில பொண்ணுகளைப் பத்தி உளறி மாட்டுனாங்களே

சங்கரன் சார்: 2019. ஆஸ்திரேலியாவுல இருந்து திருப்பி அனுப்புனாங்க, ஆளுக்கு 20 லட்சம் அபராதம். அந்த வருஷமே உலகக் கோப்பையும் ஆடுனாங்க. 2021ல இங்கிலாந்து ஆலி ராபின்சன், லார்ட்ஸ்ல முதல் டெஸ்ட், 7 விக்கெட். முதல் நாளே அவன் பழைய இனவெறி ட்வீட் வெளிய வந்து, அடுத்த டெஸ்ட்ல உக்கார வச்சுட்டாங்க. ஆகஸ்ட்ல நமக்கு எதிரா வந்து அஞ்சு விக்கெட் எடுத்தான். ஆடுதவன் மேட்சை இழக்கான், முதலாளி வித்துட்டு லாபத்தோட போறான். எனக்கு இது ஒத்துக்கல

ராஜா: நம்ம அபினவ் முகுந்தே 2017ல எழுதுனாரு, சின்ன வயசுல இருந்து நெறத்தை வச்சுப் பேசுதாங்கன்னு. இந்தியாவுக்கு ஆடுதவருக்கே அது

கணேசன்: எல்லாம் சரி. நமக்கு கமிஷனர் கெடயாது. நாளைக்கு என்ன செய்ய?

சங்கரன் சார்: கிளிப்பர்ஸ் பசங்க மேட்சைப் புறக்கணிக்கல. மேல்சட்டையைக் கழட்டி நடு மைதானத்துல போட்டுட்டு, உள்ள இருந்த பனியனை உள்பக்கம் வெளிய தெரிய திருப்பிப் போட்டு பிராக்டிஸ் பண்ணாங்க. டீம் பேரே கண்ணுல படல

மாரி: ஜெயிச்சாங்களா?

சங்கரன் சார்: அன்னைக்கு 118-97ல தோல்வி. ஆனா தொடர் அவங்களுக்குத்தான்

ராஜா: நாமளும் திருப்பிப் போடுவோம்

கணேசன்: நான் போட்டுப் பாத்துட்டேன். வெள்ளைத் துணி, மட்டமான பிரிண்ட். அண்ணாச்சி கடை பேரு கண்ணாடில பாக்குத மாதிரி தெரியுது

இசக்கி: போன் நம்பருமா? 😂

மாரி: மாமா காசைத் திருப்பிக் கேட்டா யாரு குடுப்பா? போன வருஷ கொடைக் கணக்கே கணேசன் இன்னும் காட்டல

கணேசன்: அதை ஏன் இங்க இழுக்க. நோட்டு கோயில் பீரோல இருக்கு, சாவி உங்க மாமாட்ட

சரசு அத்தை: தண்ணி???

மாரி: சரி, இப்பதான் மாமாட்ட பேசுனேன். மைக்ல மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டாராம். வேணும்னா வீட்டுக்கு வந்து ரெண்டு வார்த்தை சொல்லுதாராம்

செல்வி அக்கா: சொன்னது மைக்ல

பாண்டி: 👆

கணேசன்: காலைல கிரவுண்ட்ல வச்சு பேசிக்கிடுவோம்

ராஜா: நான் திருப்பித்தான் போடுவேன்

இசக்கி: நான் என் பழைய பச்சை டி-சர்ட்

கணேசன்: ஆளுக்கொரு கலர்னா அம்பயர் என்ன சொல்லுவாரு

கணேசன்: செல்வி அக்கா, அந்த டிபன் கேரியர் எங்க வீட்ல இருக்கு

செல்வி அக்கா: அங்கயே இருக்கட்டும்

சரசு அத்தை: தண்ணி வந்துட்டு, பிடிங்க

முத்து: ஸ்டம்ப் என்கிட்டதான் இருக்கு. காலைல யாராவது வந்து வாங்கிக்கோங்க